ஒரே மாதிரி விழுந்தும் எலும்பு வேற வேற மாதிரி உடையுதே, ஏன்?

மழைக்குருவி:
ரெண்டு மாசத்துல எங்க வீட்ல மூணு எக்ஸ்ரே பாத்துட்டேன். 8 வயசு பையன் சைக்கிள்ல இருந்து விழுந்து கைய ஊன்னான், எலும்பு ரெண்டா உடையல, மணிக்கட்டுக்கு மேல ஓரத்துல லேசா புடைச்சிருந்துச்சு, பக்கிள் ஃபிராக்சராம், மூணு வாரம் ஸ்பிளின்ட் போட்டதோட சரி. அம்மாவுக்கு 61, பாத்ரூம்ல வழுக்கி அதே மாதிரிதான் கைய ஊன்னாங்க, ஆனா எலும்பு புறங்கை பக்கமா சாஞ்சு கையே முள்கரண்டி மாதிரி வளைஞ்சிருச்சு, இழுத்து வச்சு ஆறு வாரம் மாவுக்கட்டு. மச்சானுக்கு 26, பைக் ஆக்சிடென்ட், முழங்காலுக்குக் கீழ எலும்பு நாலஞ்சு துண்டு, தோலைக் கிழிச்சு வெளிய வந்துருச்சு. இதெல்லாம் வயசுனாலயா, ஆம்பள பொம்பள வித்தியாசமா, இல்ல அடியோட வேகமா?

எலும்புப்பித்தன்:
ஆர்த்தோல வேலை பாக்குறேன், தெரிஞ்சத சொல்றேன். குழந்தை எலும்ப பச்சைக் குச்சின்னு நினைச்சுக்கோங்க, வளைச்சா படக்னு ஒடியாம ஒரு பக்கம் நார் உரிஞ்சு தொங்குமே, அதுக்கு கிரீன்ஸ்டிக்னே பேரு. அமுங்குனா உங்க பையனுக்கு மாதிரி புடைக்கும். மேல இருக்கற சவ்வும் தடிமன், அதான் சீக்கிரம் கூடுது. ஒண்ணு கவனிங்க, குழந்தைக்கு மூட்டுகிட்ட வீங்குனா சுளுக்குன்னு நீவி விட்றாதீங்க ப்ளீஸ், அவங்களுக்கு தசைநார விட வளர்ச்சித் தட்டுதான் (எலும்பு நுனிகிட்ட நீளமா வளர்ற குருத்தெலும்பு பகுதி) வீக், அதுல விரிசல் விட்டிருக்கலாம்.

மச்சான் கேஸ்ல வயசு பெரிய விஷயமில்ல. வேகம் ரெண்டு மடங்கானா மோதுற சக்தி நாலு மடங்கு, நல்ல கெட்டி எலும்பு அத்தனையும் வாங்கிகிட்டு கடைசில ஒரே நொடில விடும்போதுதான் சில்லு சில்லா போகுது, சுத்தி இருக்கற சதையும் சேந்து நாசமாகுது. வாலிபத்துல பசங்கதான் இப்படி அதிகம் வர்றாங்க.

செவ்வந்தி:
அம்மாவுது கோலிஸ் ஃபிராக்சர்தானே, 1814லயே கோலிஸ்னு ஒரு டாக்டர் எக்ஸ்ரே இல்லாம கையப் பாத்தே எழுதி வச்சது. பீரியட்ஸ் நின்னப்புறம் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையுது, எலும்பு கரையற வேகத்துக்கு புதுசா கட்ட முடியல. இன்னொன்னு, 60 வயசுல விழறப்ப கைய நீட்டற சுதாரிப்பு இருக்கு, அதனால மணிக்கட்டு. 75, 80க்கு மேல கை நீட்டறதுக்குள்ள பக்கவாட்டுல சாஞ்சிடுவாங்க, இடுப்பு போயிடும். கைதானேன்னு விடாம டெக்ஸா ஸ்கேன் எடுங்க, எலும்பு அடர்த்திய அளக்கறது. அதுல வர்ற டி ஸ்கோர் (இளவயசு எலும்போட ஒப்பிடற அளவு) மைனஸ் 2.5 இல்ல அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலியற நோய்.

தனிவழி:
ஆம்பளைங்களும் தப்பிக்கல சார். எங்கப்பா 74, நின்ன எடத்துல இருந்து விழுந்தாரு, இடுப்பு எலும்பு காலி. ஆஸ்துமாவுக்கு வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை, அது எலும்ப அரிக்கும்னு எங்களுக்கு யாரும் சொல்லல. இடுப்பு உடையறது பொம்பளைங்களுக்குதான் அதிகம், ஆனா உடைஞ்சப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள சாகறது ஆம்பளைங்கதான் அதிகமாம். ஆபரேஷன் முடிஞ்சு மறுநாளே எழுப்பி நடக்க விட்டாங்க, நாங்க பயந்து படுக்க வைங்கன்னு சண்டை போட்டோம், அவங்க செஞ்சதுதான் சரி.

மழைக்குருவி:
ஐயோ, பையனுக்கு முதல்ல எண்ணெய் போட்டு நீவி விட்டதே நான்தான் 🙈 அம்மா அஞ்சு வருஷம் முன்னாடி தும்மும்போது முதுகு பிடிச்சுகிச்சுன்னு ஒரு மாசம் படுத்திருந்தாங்க, அதுவும் எலும்பா இருக்குமோ?

எலும்புப்பித்தன்:
இருக்கலாம், முதுகெலும்பு அமுங்கறதுக்கு விழவே வேணாம். டெக்ஸாவோட முதுகு எக்ஸ்ரேயும் சேத்து கேளுங்க, உயரம் குறைஞ்சிருக்கான்னும் ஒருதரம் அளந்து பாருங்க.