வூமெராவில் எறிந்தால் ஈட்டி ஏன் குறுக்கே விழுகிறது?

மணல்வெளி:
அடிலெய்டில் இருக்கிறேன். போன மாதம் தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குப் போனபோது, பூர்வகுடிகளின் வூமெரா முன்னால் நின்ற என் மகள் நகரவே மாட்டேன் என்றாள். இலை மாதிரி ஒரு மரப்பலகை, ஒரு முனையில் சின்னக் கொக்கி. “இது எப்படிப்பா ஈட்டியை எறியும்?” அதுவரை வூமெரா என்றால் எனக்கு ராக்கெட் விடும் ஊர்தான். 1947-இல் அந்த ஊருக்குப் பெயர் வந்ததே இந்தக் கருவியால்தான் என்று அப்புறம் தெரிந்தது.

பைன் பலகையில் 60 செ.மீ. நீளத்துக்கு ஒன்று செதுக்கினேன். ஈட்டிக்கு, தரை துடைக்கும் மாப்பின் கம்பு, 120 செ.மீ. ஆளில்லாத திடலில் பத்து முறை எறிந்தால் எட்டு முறை வால் எகிறிக் குறுக்கே விழுகிறது. வெறும் கையால் எறிந்தாலே இதைவிடத் தூரம் போகிறது. எங்கே தப்பு? இதுவும் நம் வளரி மாதிரிதானா?

தச்சன்மகன்:
வளரி கையை விட்டே பறந்துவிடும். வூமெரா கையிலேயே இருக்கும், ஈட்டி மட்டும் போகும். உங்கள் கைக்கு இன்னொரு முழங்கை முளைத்த மாதிரி என்று மகளிடம் சொல்லுங்கள்.

பலகையில் தப்பில்லை, கம்பில்தான் தப்பு. ஈட்டியின் வால் கொக்கியில் மாட்டியிருக்கும். எறியும்போது கொக்கி வளைவாக மேலேறி இறங்கும். ஈட்டியின் வாலும் அதோடு போகும். ஈட்டி வளைந்து கொடுத்தால் வால் மேலே போனாலும் முனை குறியைவிட்டு விலகாது. விறைப்பான கம்பு வளையாமல் மொத்தமாகப் புரண்டுவிடும். நானும் முதல் வருடம் முழுக்க இதைப் புரிந்துகொள்ளாமல் பலகையைத்தான் மாற்றி மாற்றிச் செதுக்கினேன்.

தோட்டத்தில் செடிக்கு ஊன்றும் மெல்லிய மூங்கில் வாங்குங்கள், 2 மீட்டர். முனையைச் சுவரில் வைத்து வாலைத் தள்ளினால் வில்லாக வளைய வேண்டும். முனைப் பக்கம் கொஞ்சம் கனம் சேருங்கள். தோளால் வீசாதீர்கள், கடைசியில் மணிக்கட்டைச் சொடுக்குங்கள். எதிரே யாரும் நிற்கக் கூடாது.

அந்தப் பலகையின் பிடியைப் பார்த்தீர்களா? மத்தியப் பாலைவனத்து வூமெராக்களில் அங்கே ஸ்பினிஃபெக்ஸ் புல்லின் பிசினால் ஒரு கல் ஒட்டியிருக்கும். அதுதான் உளி. குழிந்த பக்கம் தட்டு. ஓரத்தைக் காய்ந்த மரத்தில் வேகமாகத் தேய்த்தால் நெருப்பு. நடந்தே வாழ்ந்தவர்கள் ஒரே பலகையில் இத்தனையும் சுமந்தார்கள். எனக்கு இதைவிட அழகான மரவேலை தெரியாது.

பனிக்கரை:
அலாஸ்காவின் அலூத் தீவுகளிலும் இது உண்டு. தோல் படகில் கடல்நாய் வேட்டைக்குப் போகிறவருக்கு ஒரு கை துடுப்புக்கு வேண்டும். வில்லுக்கோ இரண்டு கையும் வேண்டும், நாண் நனைந்தாலும் கெட்டது. எறிபலகைக்கு ஒரே கை போதும்.

மணல்வெளி:
மூங்கில் வாங்கி, முனையில் செம்புக் கம்பி சுற்றினேன். மூன்றாவது எறியிலேயே நேராகப் போய் மண்ணில் குத்தி நின்றது. மகள் அடியெண்ணி வந்தாள், 41. இப்போது பிடியில் கல் ஒட்ட வேண்டுமாம். பிசினுக்கு என்ன செய்வது, தச்சன்மகன் அண்ணா?