பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது: வயரிங் முழுவதையும் மாற்றலாமா?

கிளட்ச்கேபிள்: நெடுநாள் நிறுத்திக் கிடந்த பைக்கை வாங்கியிருக்கிறேன். பிரேக்கை அழுத்தினால் இண்டிகேட்டர் மங்குகிறது, ஹாரன் முனகுகிறது. மெக்கானிக் வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

நெடுவழி: மாற்றிவிடுங்கள். பழைய வயரில் செம்பு பச்சை பூத்துப் போயிருக்கும். ஒட்டுப்போட்டே ஓட்டினால் என்றாவது இருட்டில் நடுவழியில் நிற்பீர்கள்.

மீட்டர்காரன்: அளக்காமலே தீர்ப்பா? ஒரு விளக்கு எரிய இன்னொன்று மங்கினால் முதல் சந்தேகம் எர்த் மீதுதான், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு மீது. பிரேக்கை அழுத்தியபடி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பின்விளக்கின் எர்த் வயருக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.2-க்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து முடுக்குங்கள். பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். எஞ்சினை முறுக்கினால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். 15-ஐத் தாண்டினால், வோல்ட்டை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. ஏறவே இல்லையென்றால் ரெகுலேட்டரைக் குறை சொல்லுமுன் அதன் வயர்களை இணைக்கும் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் கருகியிருக்கும்.

நெடுவழி: 10 ஆம்பியர் ஃபியூஸ் போன இடத்தில் 20 போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுகிறவர்களும் உண்டு! ஃபியூஸ் தப்பிக்கும், வயர் உருகும். அது உங்கள் மீட்டரில் தெரியுமா?

மீட்டர்காரன்: தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அப்படி இருந்தால் அந்த இணைப்பின் வயரை மட்டும் மாற்றினால் போதும். ஹேண்டிலைத் திருப்பும்போது ஃபியூஸ் போகிறதா என்றும் பாருங்கள். கழுத்துப் பகுதியில் வயர் உரசித் தேய்வது வழக்கம்.

பின்சக்கரம்: இண்டிகேட்டர் இல்லாவிட்டால் கையைக் காட்டலாம், பிரேக் இல்லாவிட்டால் எதைக் காட்டுவது? டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகியிருக்கும். டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் கொதித்தால் லிவர் பஞ்சாகிவிடும்.

கிளட்ச்கேபிள்: டயர் 2014-இல் செய்தது. மாற்றப் போகிறேன். எர்த் 0.9 வோல்ட் காட்டியது, போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட். தேய்த்தபின் 0.1, ஹாரனும் உரக்கக் கத்துகிறது. ஆனால் ஃபியூஸ் பெட்டியின் மூடியில் 10 என்று அச்சிட்டிருக்கிறது, உள்ளே 20 கிடக்கிறது.

நெடுவழி: டேங்கைக் கழற்றி அடியில் வயர் உருகியிருக்கிறதா பாருங்கள், நண்பரே.