பாராடாங் சுண்ணாம்புக் குகை: போய் வந்தவர்கள் சொல்வது

கடலூர் முதுநகரிலிருந்து:

அந்தமான் போகிற நம்ம ஊர்க்காரர்கள் பலரும் இருக்கிற நாளையெல்லாம் ஹேவ்லாக் கடற்கரைக்கே கொடுத்துவிடுகிறார்கள். பாராடாங் தீவுக்கு ஒரு நாள் ஒதுக்கச் சொன்னால், "விடியறதுக்கு முன்னாடி எழுந்து போய் ஒரு குகையைப் பார்க்கணுமா?" என்று கேட்கிறார்கள். கட்டாயம் பார்க்கணும்.

போர்ட் பிளேரிலிருந்து (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளெல்லாம் வரிசையில் நின்று, போலீஸ் காவலோடு ஒன்றாகத்தான் கிளம்ப வேண்டும். அதற்கப்புறம் ஜாரவா என்ற பழங்குடி மக்களின் காடு. வழியில் நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. எங்கள் வண்டியில் ஒரு பையன் போனைக் கண்ணாடி ஓரமாகத் தூக்கினான். டிரைவர் தமிழர். "தம்பி, உள்ள வைங்க. அவங்க வீட்டு வாசல் வழியா போய்க்கிட்டிருக்கோம்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2002இலேயே இந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. ஜாரவாக்களைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் யாரும் அந்த வழியில் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மிடில் ஸ்ட்ரெய்ட் என்ற நீரிணையில் வண்டியையும் ஆளையும் சேர்த்து ஏற்றும் படகில் கடந்தால் பாராடாங். அங்கிருந்து விசைப்படகு. வழியெல்லாம் அலையாத்திக் காடு. பிச்சாவரம் போனவர்களுக்கு அது பழகியதுதான், ஆனால் இங்கே ஓடை அகலம், வேகமும் அதிகம். உப்புநீர் முதலை இருக்கிற தண்ணீர், கையை வெளியே விடாதீர்கள். இறங்கியதும் ஒன்றரை கிலோமீட்டர் போல நடை.

குகை வாசலில் மேலே திறந்து வெளிச்சம் விழுகிறது. உள்ளே போகப்போகச் சுவர்கள் நெருங்கி இருட்டிவிடும், டார்ச் வேண்டும். வழிகாட்டி வெளிச்சம் அடித்து யானை, தாமரை என்று உருவங்களைக் காட்டிக்கொண்டே போவார். எனக்கு அதைவிடக் கூரையிலிருந்து தொங்கும் ஒரு கல்விழுதின் நுனிதான் பிடித்துப்போனது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் நின்றது. அது நின்ற இடத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. குகைக் காற்றில் அந்த வாயு பிரிந்ததும், கரைந்த சுண்ணாம்பு நுனியில் படிகிறது. அந்த வளையம் அப்படி வந்ததுதான். ஒரு சென்டிமீட்டர் நீளப் பல பத்தாண்டுகள் ஆகும். நம்ம கேப்பர் மலையின் செம்மணற்கல்லை மழை அரித்துப் பள்ளம் பறிக்குமே தவிர இப்படிக் கரைத்துக் குகையாக்காது.

வருத்தமும் அங்கேதான். கை எட்டுகிற உயரம் வரை கல் கறுத்து, பிசுபிசுப்பாக இருக்கிறது. எட்டாத உயரத்தில் வெள்ளையாக மினுக்குகிறது. கையின் எண்ணெய் பட்டால் சுண்ணாம்பு அந்த இடத்தில் சரியாகப் படியாது, வளர்ச்சி நின்றுபோகும். பிள்ளையார் மாதிரி இருந்த ஒரு கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார் ஒரு பெரியவர். "ஐயா, கும்பிட்டுக்குங்க, தொட மட்டும் வேணாம், வளர்ற கல்லு" என்றேன். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, பின்னால் வந்த பேரப் பிள்ளைகளுக்கும் அவரே சொன்னார்.

இன்னொன்று. அந்தச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடியில் சேர்ந்தது. கடலடி எப்படி மேலே வரும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் அலையைக் கொண்டுவந்து கொட்டியது எதுவோ, அதுவேதான். நம்ம நாட்டைத் தாங்கும் பூமியின் மேலோட்டுப் பாளமான இந்தியத் தட்டு அந்தமானுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. அன்றைய நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து, பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து செத்தன. பாராடாங்கிலேயே சேற்று எரிமலையும் இருக்கிறது. சாம்பல் நிறச் சேறு குமிழ் விடும், அவ்வளவுதான். அதைப் பார்த்து ஏமாந்தேன் என்பவர்களிடம், நம்ம கரை வரை அலையை அனுப்பிய அதே தட்டு நகர்வு நடக்கிற இடம் அது என்று சொல்வேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

அண்ணே, படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு. நாங்கள் அம்மாவையும் கூட்டிப் போனோம், அவருக்கு மூட்டுவலி. நடைபாதையில் ஏற்ற இறக்கமும் வேரும் கல்லும் இருப்பதால் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். வழியில் எலுமிச்சை ஜூஸ் விற்கிற அம்மாவோடு பேச்சு ஓடிவிட்டது, திரும்பி வரும்போது கிளம்ப மனமில்லை அவருக்கு. குகைக்குள் எங்களுக்குக் கிடைத்தது கூட்டம்தான். ஒரு குழு வெளியே வந்த பிறகுதான் எங்களால் உள்ளே நகர முடிந்தது. நீங்கள் சொன்ன சொட்டுத் தண்ணீரையெல்லாம் நின்று பார்க்க நேரமே கொடுக்கவில்லை. நீங்கள் எந்த நேரத்துக்குப் போனீர்கள்?

கடலூர் முதுநகரிலிருந்து:

காலையில் கிளம்பும் முதல் வண்டி வரிசையிலேயே போய்விட்டோம் தம்பி. படகில் இறங்கியதும் எல்லோரும் வேகமாக நடக்கிறார்கள். நாங்கள் அவர்களை முன்னே விட்டுவிட்டு, அவர்கள் வெளியே வரும் நேரம் பார்த்து உள்ளே போனோம். திரும்பும் வண்டி வரிசைக்கும் நேரம் குறித்திருக்கும், அதனால் வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அடுத்த முறை ஒரு கைத்தடி வாங்கிக் கொடுங்க, மெதுவாக வந்துவிடுவார்.