பயிருக்குள் வெயில் எவ்வளவு இறங்குகிறது? உங்கள் நிலத்தில் பார்த்ததைச் சொல்லுங்கள்

பாலக்கோடு, ராகிக் காடு

வெயிலுக்குக் குறைவில்லாத வட்டாரம் நம்முடைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். ஆனாலும் அடுத்தடுத்த நிலத்தில் ஒரே விதை, ஒரே மழை, விளைச்சல் மட்டும் வேறு. மண், உரம், களை எல்லாவற்றையும் பேசுகிறோம். விழுந்த வெயிலில் இலை எவ்வளவு வாங்கியது, எவ்வளவு சும்மா மண்ணைச் சுட்டது என்பதை மட்டும் பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

எங்கள் மானாவாரி நிலத்தில் எட்டு வரிசை ராகிக்கு ஒரு வரிசை அவரை. உச்சி வெயிலில் வரிசைக்கு நடுவே குனிந்து மண்ணைப் பார்ப்பது என் வழக்கம். இளம்பயிராக இருக்கும்போது பாதிக்கு மேல் மண் வெயிலில் கிடக்கும். அந்த வெயிலைத் தின்று வளர்வது களைதான். தூர் கட்டி (அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைத்து), இலைகள் வரிசைக்கு வரிசை தொட்டுக்கொண்ட பிறகு மண்ணில் பொட்டுப் பொட்டாகத்தான் வெளிச்சம் தெரியும். அப்புறம் புதுக்களை முளைப்பதும் குறைந்துவிடும். நிலம் இப்படி மூடுவது தள்ளிப்போன வருடங்களில் கதிர் சிறுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அவரை இதில் கெட்டிக்காரப் பயிர். ராகி நிற்கும்வரை ஒடுங்கிக் கிடக்கும். ராகியை அறுத்ததும் காலியான இடமெல்லாம் கொடி வீசி, பனிக்காலத்தில் பூத்துக் காய்க்கும். கார்த்திகைக்குப் பிந்தைய வெயிலும் இப்படிக் காயாகி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

போச்சம்பள்ளி, மாந்தோப்பு

அண்ணா, எங்களுக்குப் பிரச்சினை நேர் எதிர். அப்பா காலத்தில் 10 மீட்டர் இடைவெளியில் வைத்த பெங்களூரா ரக மாமரங்கள். கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, தோப்புக்குள் பகலிலேயே இருட்டு. வெளியே இருந்து பார்த்தால் பச்சை மலை மாதிரி இருக்கும். உள்ளே வெறும் குச்சி, காயெல்லாம் வெளிச்சுற்றில்தான். மாவில் பூங்கொத்து வருவது முற்றிய கிளை நுனியில். நிழலிலேயே கிடக்கும் நுனி சரியாகப் பூப்பதில்லை.

அறுவடை முடிந்ததும் ஆகஸ்டில் கவாத்து செய்தோம், அதாவது கிளைகளை வெட்டிவிட்டோம். ஒவ்வொரு மரத்திலும் நடுவே நேராக மேலே போன ஒன்றிரண்டு பெரிய கிளைகளை எடுத்து, வெட்டுவாயில் பூஞ்சை வராமல் இருக்க போர்டோ பசை தடவினோம். காய்க்கிற மரத்தை இப்படி வெட்டுகிறாயே என்று அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. அடுத்த பூப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு அடுத்த பருவத்தில்தான் உட்கிளைகளில் வந்த புதுத்துளிர் முற்றி, கைக்கு எட்டும் உயரத்தில் காய் பிடித்தது. பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியும் குறைந்தது. அடர்ந்த நிழலும் ஈரக்காற்றும்தான் அதற்குப் பிடித்த இடம். மரங்களுக்கு நடுவே இப்போது கொள்ளு விதைக்கும் அளவுக்கு வெளிச்சம் விழுகிறது.

3×2 மீட்டரில் அடர்நடவு வைப்பவர்கள் கவனியுங்கள். வருடா வருடம் கவாத்து செய்யாவிட்டால் அந்தத் தோப்பு எங்களுடையதைவிட வேகமாக இருண்டுவிடும்.

காவேரிப்பட்டணம், வேளாண்மை படிக்கும் மாணவி

ஐயா, நீங்கள் குனிந்து பார்ப்பதைத்தான் 1953-இல் ஜப்பானில் மோன்சி, சாயெகி என்ற இருவர் கணக்காக எழுதினார்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேல் எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறது என்பது இலைப்பரப்புக் குறியீடு. மேலிருந்து கீழே ஒவ்வோர் அடுக்கு இலையும் தனக்கு வந்த ஒளியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கீழே விடுகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை இலை நிற்கும் சாய்வு தீர்மானிக்கிறது.

குறியீடு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இலைகள் நிமிர்ந்த பயிர் சுமார் 78 சதவீத ஒளியைப் பிடிக்கும். இலைகள் படுக்கையாக விரிந்த பயிர் 90 சதவீதம் பிடித்துவிடும். படுக்கை இலைதான் மேல் என்று தோன்றும், ஆனால் முழுதாக மூடிய பயிரில் கதை மாறுகிறது. நெல், நிலக்கடலை, மா போன்றவற்றின் இலை உச்சி வெயிலில் பாதி அளவிலேயே கிட்டத்தட்ட நிறைவடைந்துவிடும். அதற்கு மேல் விழுவது அந்த இலைக்குப் பெரிதாகப் பயன்படாது, கீழ் இலையோ பட்டினி. நிமிர்ந்த இலை ஒளியைச் சரித்து உள்ளே இறக்குவதால் பல இலைகள் மிதமான வெளிச்சத்தில் வேலை செய்கின்றன. 1966-இல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல்லின் குட்டை உயரத்தோடு நிமிர்ந்த இலைகளும் கவனிக்கத்தக்கவை. ராகி, சோளம் வேறு வகை. அவற்றின் இலை கடும் வெயிலையும் வாங்கிக்கொள்ளும்.

அளந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலியை வைத்துப் பயிருக்கு மேலும் அடியிலும் பார்க்கலாம். ஆனால் லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சையைக் கூட்டிக் காட்டும். இலை கீழே விடுவதும் பெரும்பாலும் பச்சைதான். அதனால் அடியில் காட்டும் எண்ணைவிடப் பயிருக்கு உதவும் ஒளி இன்னும் குறைவு.

ஓசூர், பசுமைக்குடில் ரோஜா

ரோஜாவில் இதைக் கையாலேயே செய்கிறோம். மெலிந்த, பூக்காத தண்டுகளை வெட்டி எறியாமல் பக்கவாட்டில் மடக்கிவிடுவோம். பெண்டிங் என்போம். மடங்கிய தண்டின் இலைகள் கீழே விரிந்து ஒளியைப் பிடித்து உணவு தயாரிக்கும், அது நிமிர்ந்து வரும் பூத்தண்டுக்குப் போகும். மடக்கிய தண்டுகள் கெட்டால் பூத்தண்டின் நீளமும் குறைகிறது. கூரை ஷீட்டில் படியும் தூசியையும் கழுவிவிடுங்கள். உள்ளே வரவேண்டிய வெளிச்சத்தை அதுவே தடுத்துவிடும்.

பாப்பிரெட்டிப்பட்டி, மரவள்ளி

மரவள்ளி நிலத்தை மூட ஏறக்குறைய மூன்று மாதம் எடுக்கும். அந்த இடைவெளியில் சின்ன வெங்காயம் போட்டு எடுத்துவிடுகிறோம், இரண்டும் மோதுவதில்லை. ஆனால் புளியமர ஓரத்துச் செடிகள் குச்சி நீண்டு கிழங்கு சிறுத்துத்தான் வரும்.

ஒரு சந்தேகம். சீக்கிரம் மூடுவதுதான் நல்லது என்றால், ராகியை இன்னும் நெருக்கி நட்டால் என்ன?

காவேரிப்பட்டணம், வேளாண்மை படிக்கும் மாணவி

உங்கள் புளியமர ஓரத்துச் செடி காட்டுவதுதான் அண்ணா நெருக்கி நட்ட ராகியிலும் நடக்கும். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிவிட்டு, அதற்கு அடுத்த, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தூரச் சிவப்பைப் பெரும்பாலும் உறிஞ்சாமல் கீழேயும் பக்கத்திலும் விட்டுவிடும். இந்த இரண்டு ஒளிகளின் விகிதத்தைக் கொண்டு, நிழல் விழும் முன்பே பக்கத்தில் செடி இருப்பதைப் பயிர் உணர்கிறது. உடனே தூர் கட்டுவதைக் குறைத்துத் தண்டை நீட்டும். மெலிந்த தண்டு, கதிர் கனத்ததும் காற்று மழையில் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் பிடிக்கிற வெளிச்சமும் போகும், அறுவடைக் கூலியும் ஏறும்.

30 சென்டிமீட்டர் வரிசை, வரிசைக்குள் 10 சென்டிமீட்டர் என்பதை அப்படியே வையுங்கள். சீக்கிரம் மூடவேண்டும் என்றால் இளநாற்றாக நடுவதிலும், முதல் களையைத் தள்ளிப்போடாமல் எடுப்பதிலும் கவனம் வையுங்கள்.