ஆஸ்பெர்ஜர் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றுகூடுவது பற்றி: எங்கள் தோட்டத்தில் எப்படித் தொடங்குவது?

கேட்டவர்: லயத்து அம்மா (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வசிக்கிறேன். என் மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். சென்ற ஆண்டு ஈப்போவில் அவனைப் பரிசோதித்த மருத்துவர், "முன்பு இதை ஆஸ்பெர்ஜர் என்போம்" என்று வாயால் சொன்னார்; கையில் கொடுத்த கடிதத்திலோ ஆட்டிசம் (மதியிறுக்கம்) என்றுதான் எழுதியிருக்கிறது.

ஆலைக்குக் குலை ஏற்றிச் செல்லும் லோரிகளின் எண்களையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பையன் விளையாடக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆடி மாதம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கத் தொடங்கியதும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, தண்ணீர்ப் பந்தல் மேசைக்கு அடியில் புகுந்து உடல் நடுங்க உட்கார்ந்துவிட்டான். சாமி வந்துவிட்டது என்று ஒருவர் அவன் நெற்றியில் திருநீறு பூசினார். பிள்ளைக்குச் செல்லம் அதிகம் என்று இன்னொருவர் என் காதுபடவே சொன்னார். இரண்டில் எது எனக்கு அதிகமாக வலித்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

சுற்றியுள்ள தோட்டங்களில் இதைப் போன்ற பிள்ளைகள் உள்ள ஐந்து குடும்பங்களை எனக்குத் தெரியும். கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை நாங்கள் கூடினால் பயன் இருக்குமா? மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை எடுக்கலாம் என்றால், வீட்டில் திருமண வயதில் மகள் இருக்கும்போது இது எதற்கு என்று என் மாமியார் தடுக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: பகாவ் அப்பா

வணக்கம் சகோதரி. என் மகனுக்கு இப்போது பதினேழு வயது. எங்கள் பக்கத்தில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து தொடங்கினோம் என்பதால், ஐந்து குடும்பம் போதுமா என்ற கவலை உங்களுக்கு வேண்டாம்.

நாங்கள் முதலில் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் கூட்டத்தை நம் வழக்கப்படி நடத்தினோம். குத்துவிளக்கு, ஒலிபெருக்கி, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் இருந்தன. ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டதும் என் மகன் வாசலைத் தாண்டி ஓடிவிட்டான். மற்ற இரு பிள்ளைகளும் அழுதார்கள். யாருக்காகக் கூடினோமோ அவர்களே உட்கார முடியாத கூட்டம் அது. அடுத்த மாதத்திலிருந்து பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஆளில்லாத பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் கூடினோம். பால் மரம் வெட்டுபவர்கள் (ரப்பர் பால் எடுப்பவர்கள்) விடியலிலேயே எழுந்தவர்கள்; மதியம் கண்ணயர்ந்துவிட்டு வர அந்த நேரம் தோதாக இருந்தது. இரண்டு பெற்றோர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் பேசுவார்கள்; அடுத்த முறை ஆள் மாறும். பிள்ளை விளையாடாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாலும் யாரும் இழுத்து வரக் கூடாது என்பது ஒன்றுதான் எங்கள் சட்டம்.

உண்மையில் எங்களைச் சேர்த்து வைத்தது பேச்சைவிட வேன்தான். மருத்துவமனைக்குப் போகும் நாளில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாள் சம்பளத்தை இழந்து தனித்தனியே வாடகைக் கார் பிடித்தோம். பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் முறை கொடுக்கும்படி கேட்டோம். தாதி ஒருவர் மனது வைத்ததால் கிடைத்தது. செலவைப் பிரித்துக்கொண்டு ஒரே வேனில் போனோம். அந்தப் பயணத்தில் பேசியதுபோல் எந்தக் கூட்டத்திலும் நாங்கள் மனம்விட்டுப் பேசியதில்லை.

கோயில் விஷயத்துக்கும் வழி உண்டு. உறுமி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும்படி நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டோம். நாங்கள் விடியற்காலை அபிஷேகத்துக்கு வந்து, மேளம் தொடங்குமுன் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம்.

பதில் 2: ஓய்வுபெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியை

அம்மா, முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர், இத்தகைய நான்கு சிறுவர்களைப் பற்றி 1944இல் எழுதினார். ஆங்கில மருத்துவ உலகில் அந்தப் பெயரைப் பரவச் செய்தது 1981இல் லோர்னா விங் எழுதிய கட்டுரை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோயறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அதைத் தனிப் பெயராக வைக்காமல் ஆட்டிசம் என்ற பெரிய வட்டத்துக்குள் சேர்த்துவிட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் அவ்வாறே செய்தது. ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னதும் எழுதியதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அலுவலகங்களில் செல்லுபடியாவது அதில் எழுதியிருக்கும் பெயர்தான்.

ஓகேயூ பதிவு கட்டாயமில்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ், பெற்றோர் விரும்பினால் சமூக நல இலாகாவில் செய்யும் பதிவு அது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைக் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் சேர்ப்பார்கள். 'குறைபாடு' என்ற சொல்லைப் பாரத்தில் பார்த்ததும் எழுந்து போய்விட்ட பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் பொருந்தாதுதான், ஆனாலும் அது அலுவலகத்தின் அடுக்குப் பெயர், உங்கள் மகனைப் பற்றிய தீர்ப்பல்ல. சிறப்புக் கல்வித் திட்டத்தில் பதிந்த மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. தனி வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. வழக்கமான வகுப்பிலேயே மற்ற மாணவர்களுடன் படிக்கும் உள்ளடங்கிய கல்வித் திட்டமும் இருக்கிறது. சரளமாகப் பேசும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதுவே ஏற்றது என்பது என் கருத்து.

பகாவ் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் குழுவை ஆஸ்பெர்ஜர் குடும்பங்களோடு நிறுத்திவிடாதீர்கள். சமூக நல இலாகாவின் ஆதரவில் நடக்கும் பிடிகே என்னும் சமூக மறுவாழ்வு மையங்கள் 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி இன்று நாடெங்கும் உள்ளன. அவற்றின் நிர்வாகக் குழுவில் பெற்றோரும் உள்ளூர் மக்களும் இருப்பார்கள். அங்கே உங்கள் மகனுக்கேற்ற பயிற்சி கிடைக்காவிட்டாலும், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அறிந்த பெற்றோர் கிடைப்பார்கள். நாசோம் என்னும் தேசிய ஆட்டிசம் சங்கத்திடமும் ஆலோசனை கேளுங்கள். மலாய் சரியாக வராத தாய்மாருக்கு, பாரம் நிரப்பிக் கொடுக்க ஒருவர் குழுவில் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பதில் 3: எடைமேடைக்காரன்

நான் பெற்றோர் அல்லன். இந்தப் பெயரோடு வளர்ந்தவன்; இருபத்து நான்கு வயதில்தான் தெரிந்துகொண்டேன். இப்போது ஒரு செம்பனை ஆலையின் எடைமேடையில் வேலை செய்கிறேன். லோரி வந்து நிற்கும், எண்ணைப் பதிவேன், ஏற்றிய எடை, இறக்கிய எடை, கழித்தால் குலையின் எடை. ஒரு நாளில் யாரும் என்னிடம் தேவையில்லாமல் ஒரு சொல் பேச வேண்டியதில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

நீங்கள் கூடும்போது பிள்ளைகளை வைத்துக்கொண்டே அவர்களைப் பற்றிப் பேசாதீர்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குக் காது கேட்கும். என் அம்மா அண்டை வீட்டாரிடம் சொல்லி அழுத ஒவ்வொரு வாக்கியமும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. லோரி எண்களை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்பது என் இன்னொரு வேண்டுகோள். ஒரு நாள் அவனோடு சாலையோரம் உட்கார்ந்து நீங்களும் எழுதிப் பாருங்கள்.

லயத்து அம்மா

மூவருக்கும் நன்றி. பள்ளிச் சிற்றுண்டிச் சாலை எனக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கிறேன். அட்டை பற்றி மாமியாரிடம் மீண்டும் பேசினேன். அவர் அசையவில்லை. ஆனால், என் மகளே, தம்பிக்கு அட்டை எடுத்ததற்காக வேண்டாம் என்கிற மாப்பிள்ளை எனக்கும் வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்லிவிட்டாள். பாரத்தை வாங்கி வந்து சாமி மேடையில் வைத்திருக்கிறேன்.

இன்று மாலை அவனோடு சாலையோரம் உட்கார்ந்தேன். பதினொரு லோரிகள் போயின. நான் இரண்டு எண்களைத் தவறாக எழுதியிருந்தேன். என் கையிலிருந்த பென்சிலை வாங்கி அவனே திருத்தினான்.