டக் டக் என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க், உள்ளே என் கதைகள்

அரைப்பக்கம்:
வணக்கம். சில நாளாகக் கம்ப்யூட்டருக்குள் இருந்து 'டக் டக்' என்று சத்தம். சில கோப்புகள் திறக்க வெகுநேரம் ஆகிறது. எழுதிக்கொண்டிருக்கும் நாவல் கூகுள் டாக்ஸில் இருப்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய சிறுகதைகள் எல்லாம் அந்த டிஸ்கில் மட்டும்தான். டிஸ்கைச் சரிபார்க்கும் மென்பொருள் எதையாவது ஓட்டிப் பார்க்கலாமா? இனிமேல் பேக்கப்புக்கு ஒரு பென் டிரைவ் போதுமா?

சிவப்புமசி:
எதையும் ஓட்டாதீர்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் டிஸ்கில் எழுதியதைப் படிக்கும் ஹெட் என்ற பாகம் தடுமாறுவதால் வருவது. சரிபார்க்கும் மென்பொருள் டிஸ்க் முழுவதையும் ஓடி ஓடிப் படிக்கும்; மிச்சம் இருக்கும் உயிரும் அதிலேயே போய்விடும். முதலில் கதைகள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் வெளியே எடுங்கள். படம், பாட்டு எல்லாம் அப்புறம். எழுத்து இடமே அடைக்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் என்று வைத்தாலும், லட்சம் சொல் நாவல் வெறும் உரையாக நாலைந்து எம்பிக்குள் அடங்கிவிடும். டிஸ்கே தெரியாமல் போய்விட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்யாமல், தரவு மீட்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நாவலைப் பற்றிக் கவலை இல்லை என்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை. கூகுள் டிரைவ் ஃபோல்டரைக் கம்ப்யூட்டரில் திறந்தால் டாக்ஸ் கோப்பு ஒன்று தெரியும். அதை அப்படியே பென் டிரைவில் போட்டால் போவது வெறும் இணைப்புதான், உள்ளே ஒரு வரிகூட இருக்காது. கணக்கு முடங்கினால் அந்த இணைப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டாக்ஸில் 'டவுன்லோட்' போய் வேர்டு கோப்பாக இறக்குங்கள். அத்தியாயம் முடியும்போதெல்லாம் செய்யலாம், கோப்பின் பெயரில் தேதியும் இருக்கட்டும்.

இன்னொன்று, கம்ப்யூட்டரும் டிரைவும் ஒன்றுபோல் இருக்கும்படி செய்யும் ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான்.

பென் டிரைவ் ஒன்று மட்டும் என்றால் வேண்டாம். என் கண்ணில் அது தொலைவதற்கென்றே பிறந்த பொருள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. 3-2-1 என்பார்கள்.

வரப்பு:
சிவப்புமசி சொன்னதோடு ஒன்று. வெளி டிஸ்க் வாங்கினால் நகல் எடுத்த கையோடு கழற்றி வையுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். நான் இதற்கெல்லாம் மேலே ஒரு பிரிண்டும் எடுத்து வைத்துவிடுவேன். சிரிக்காதீர்கள்.

அரைப்பக்கம்:
கதைகளை எடுத்துவிட்டேன், ஒன்று மட்டும் வரவில்லை. நாவலையும் இறக்கியாயிற்று. ஆனால் வேறு மடிக்கணினியில் பழைய கதைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறதே, கெட்டுப்போய்விட்டதா?

சிவப்புமசி:
கெடவில்லை. பாமினியில் கோப்புக்குள் இருப்பதே ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துருவையும் கதைகளோடு சேர்த்து வையுங்கள். பிறகு எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். மூலத்தை அழிக்க வேண்டாம். மாற்றியபின் ஒருமுறை படித்தே ஆகவேண்டும். கதையில் நடுநடுவே ஆங்கிலச் சொல் இருந்தால், அந்த மாற்றி அதையும் பாமினி என்று நினைத்து வாயில் நுழையாத தமிழாக்கிவிடும். பக்கங்களை வடிவமைக்கும்போது இப்படி வந்த கதாபாத்திரப் பெயர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வராத அந்தக் கதையை யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பியிருந்தீர்களா? 'அனுப்பியவை'யில் தேடிப் பாருங்கள்.

அரைப்பக்கம்:
இருக்கிறது! ஒரு போட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். பரிசு கிடைக்கவில்லை, கதை கிடைத்துவிட்டது.