5 லட்சத்துக்குள் போலோ ஜிடி, அபார்த் புன்ட்டோ: பாண்டி, கடலூர் பக்கம் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ரெட்டியார்பாளையம்:
செகண்ட் ஹேண்டில் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ அல்லது ஃபியட் அபார்த் புன்ட்டோ, இந்த இரண்டு டர்போ கார்களில் ஒன்று தேடுகிறேன். வண்டி, வேலை, பேப்பர் எல்லாம் சேர்த்து 5 லட்சம்தான். இந்த ஊர்களில் எடுத்தவர்கள், வேலை பார்த்தவர்கள் எங்கே அடி விழும் என்று சொல்லுங்கள்.

செம்மண்டலம்:
தம்பி, எஞ்சினுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை ஏறியபோது பாண்டியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரில் கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி கடலூரைப் பிடித்தது. அந்த வண்டிகள் கழுவி, சீட் துணி மாற்றி, சென்ட் அடித்து இன்றும் விலைக்கு வருகின்றன.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். மேல் பாதி பளிச்சென்று இருந்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. முன்சீட் ரெயில் போல்ட், ஸ்டெப்னி குழியின் மூலை, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள பிராக்கெட்டுகள் ஆகியவற்றில் துரு பாருங்கள். மேட்டை மட்டும் தூக்கினால் போதாது, கார்பெட்டின் அடியில் உள்ள ஃபோமை விரலால் அழுத்த வேண்டும். வயரிங் கனெக்டர் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பச்சை பூத்திருந்தால் அந்த வண்டி வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும். ஏர்பேக் மாட்யூல் தரையை ஒட்டி இருப்பதால் முதலில் கெடுவது அதுதான். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியோ மறைத்தோ வைத்திருக்கலாம்.

லாஸ்பேட்டை:
அண்ணன் சொன்னதோடு பாலிசி நகலும் கேளுங்கள், 2023 முதல் வரிசையாக. க்ளெய்ம் போட்டால் அடுத்த ரினியூவலில் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாததற்கான பிரீமியத் தள்ளுபடி) பூஜ்யமாகிவிடும். 35, 45 சதவீதம் என்று ஏறி வந்தது 2025-இல் திடீரென்று 0 ஆனால் காரணம் கேட்க வேண்டும். கை மாறினாலும் 0 ஆகும், ஏனென்றால் போனஸ் ஓனரோடு போகிறது, வண்டியோடு வராது. போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தால் க்ளெய்ம் போட்டும் குறையாது. அதனால் இதை மட்டும் நம்பாமல் ஷோரூம் சர்வீஸ் ஹிஸ்டரியும் எடுங்கள்.

முதலியார்பேட்டை, மெக்கானிக்:
போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-இல் வந்தது. 1.2 டர்போ, 105 குதிரைத்திறன், டார்க் (சுழல் விசை) 175 நியூட்டன் மீட்டர். 2020-இல் 1.0 டிஎஸ்ஐ வந்தபோது கியர்பாக்ஸ் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்காக மாறிவிட்டது. பயம் பழைய 1.2-இல் உள்ள 7 கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் பற்றியதுதான். அது டிரை கிளட்ச். ஆயில் குளிர்ச்சி இல்லாததால், ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் கிளட்ச் பாதி பிடித்த நிலையில் சூடேறித் தேய்கிறது. ஈசிஆரில் 100-இல் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாலை 6 மணிக்கு இந்திரா காந்தி சிலை சந்திப்பில் அரை மணி நேரம் ஊர விடுங்கள். 1-லிருந்து 2-க்கு மாறும்போது உடம்பு அதிர்ந்தால் கிளட்ச் பேக் முடிந்தது என்று வையுங்கள். டி-யிலிருந்து ஆர்-க்குப் போட்டதும் ஒரு நொடிக்கு மேல் யோசித்தாலோ, கியர் எழுத்து மினுக்கினாலோ மெக்கட்ரானிக் யூனிட் (கியரைத் தானாக மாற்றும் கண்ட்ரோல் பகுதி) சந்தேகம். இரண்டில் எது வந்தாலும் உங்கள் 5 லட்சம் கணக்கு உடைந்துபோகும்.

ரீமேப் செய்த வண்டியா, அதாவது பவர் கூட்ட எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றியதா என்று கட்டாயம் கேளுங்கள். அந்த கியர்பாக்ஸின் தாங்கு அளவே 250 நியூட்டன் மீட்டர். டார்க்கை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி ஓட்டியவர் கொடுக்கும் கிளட்சுக்கு ஆயுள் குறைவு.

திருப்பாதிரிப்புலியூர்:
அபார்த் பற்றி நான் சொல்கிறேன். 2015 அக்டோபரில் வந்தது, 1.4 டி-ஜெட் டர்போ பெட்ரோல் எஞ்சின், 145 குதிரைத்திறன், 5 கியர் மேனுவல், நாலு சக்கரத்திலும் டிஸ்க். கதவு, பானட், ஹெட்லைட் பிரச்சினை இல்லை, சாதாரண புன்ட்டோ ஈவோவுடையது பொருந்தும். டர்போ, பின் பிரேக் போன்றவைதான் தலைவலி, ஃபியட் இங்கே கார் விற்பனையையே நிறுத்திவிட்டது. டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால் வாங்கிய வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி எஞ்சின் ஹெட் போய்விடும்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க நமக்கு கேப்பர் மலை இருக்கிறது. ஏற்றத்தில் 4-ஆம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது. இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) ஹோஸைக் கழற்றினால் உள்ளே லேசாக ஆயில் பூச்சு இருக்கும், அது இயல்பு. குளம் கட்டியிருந்தால் டர்போ சீல் போயிருக்கலாம். முந்தின இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். போனதுமே பானட்டைத் தொட்டு, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

கம்ப்ரெஷன் டெஸ்ட்டுக்கு (சிலிண்டர் அழுத்தத்தை அளப்பது) ஓனர் ஒத்துக்கொண்டால் சூடான எஞ்சினில், எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்து எடுங்கள். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

தேவனாம்பட்டினம்:
கடற்கரை வீட்டு வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றாமல் விலை பேசாதீர்கள். உப்புக் காற்று பிரேக் பைப், சைலன்சர் ஜாயின்ட், சப்ஃப்ரேம் வெல்டிங்கைத் தின்கிறது. ஏசி கண்டென்சர் தகடு விரலால் தொட்டாலே பொடியாக உதிரும். டர்போ வண்டியில் இன்டர்கூலரும் அதே காற்றில்தான் நிற்கிறது.

நெல்லிக்குப்பம்:
பேப்பர் விஷயம் யாரும் சொல்லவில்லை. பிஒய் 01 (பாண்டி எண்) வண்டியை டிஎன் 31-க்கு (கடலூர் எண்) கொண்டுவர பாண்டி ஆர்டிஓ-வில் படிவம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று), பெயர் மாற்ற 29, 30, புது எண்ணுக்கு 27. லோன் இருந்தால், அதை அடைத்து ஆர்சி-யிலிருந்து நீக்க 35. தமிழ்நாட்டு ஆயுள் வரி வண்டியின் வயதைப் பொறுத்து இங்கே தனியாகக் கட்ட வேண்டும். பாண்டியில் வரி குறைவு என்பதற்காக வண்டியும் மலிவு என்று எடுப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வேறு மாநில எண்ணில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். படிவங்களில் பழைய ஓனர் கையெழுத்து வேண்டும் என்பதால், என்ஓசி கைக்கு வரும் வரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வைத்து, அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலியார்பேட்டை, மெக்கானிக்:
அதனால்தான் 5 லட்சம் இருந்தால் வண்டிக்கு 4-க்கு மேல் போகாதீர்கள் என்கிறேன். டயரில் நாலு இலக்கம் பாருங்கள், 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். அப்படி இருந்தால் பழைய டயர், பட்டன் (தேயாமல் மிச்சமுள்ள மேல் ரப்பர்) எவ்வளவு இருந்தாலும் நாலு டயர் விலையைக் கழித்தே பேசுங்கள்.